மகிந்திராவின் பழைய சிஜே3பி (CJ3B) ஜீப்பை அந்தக் காலத்து அழகில் மீண்டும் கட்ட

வாங்கும் முன் ஆர்சி புத்தகத்தைப் பாருங்கள். பெட்ரோலில் பிறந்த பல வண்டிகளில் பிறகு டீசல் எஞ்சின் ஏற்றியிருப்பார்கள். எஞ்சின் எண்ணும் எரிபொருளும் ஆர்சியோடு பொருந்தாவிட்டால் பேரத்தை அங்கேயே நிறுத்திவிடலாம். திரும்பப் பெட்ரோலுக்கு மாற்றவும் ஆர்டிஓ அனுமதி வேண்டும். நிறம் மாற்றினால் அதையும் பதிய வேண்டும்.

நம்ம கன்னியாகுமரி மாவட்டத்தில் எஞ்சினை விடத் துருவுக்குத்தான் பயப்பட வேண்டும். குளச்சல், மணவாளக்குறிச்சி கடற்கரைப் பக்கம் நின்ற வண்டி என்றால் சேஸியை, அதாவது அடிச்சட்டத்தை, சின்னச் சுத்தியலால் தட்டிக்கொண்டே போங்கள். மங்கலான சத்தம் வரும் இடம் அரித்த இடம். ஸ்பிரிங் ஷேக்கிள் (பட்டை ஸ்பிரிங்கைச் சேஸியோடு இணைக்கும் கொண்டி) பிடிக்கும் பகுதி, பின் குறுக்குச் சட்டம், தரைத்தகட்டுக்கு அடியில் உள்ள தொப்பி வடிவ சேனல் மூன்றும் முதலில் போகும். சேனலுக்குள் மண் ஈரத்தைப் பிடித்துவைத்து உள்ளிருந்தே தின்னும். மேலே தகடு ஒட்டி மறைக்காதீர்கள். வெட்டி எடுத்துப் புதுத்தகடு வெல்டிங் செய்து, வடிகால் துளை விட்டு, உள்ளே மெழுகுப்பூச்சு அடியுங்கள். சாதாரண சாம்பல் பிரைமரோடு மழையில் நிறுத்தினால் அது தண்ணீரை உறிஞ்சும். எபாக்சி பிரைமர்தான் சரி.

பெயின்டுக்கு முன் எல்லா பாகத்தையும் ஒருமுறை மாட்டிப் பாருங்கள். பிறகு துளை போட்டால் பூச்சு உரியும்.

டயர் 6.00-16, குறுக்குப்பட்டை ரகம். அகல டயர் போட்டால் ஸ்டியரிங் கனக்கும், அழகும் கெடும். 2.2 லிட்டர் பெட்ரோல் எஞ்சினுக்கு டிஸ்ட்ரிபியூட்டருக்குள் உள்ள பாயின்ட் இடைவெளி 0.020 அங்குலம், சிலிண்டர்களில் தீப்பொறி விழும் வரிசை 1-3-4-2.