கடைசியில் வரும் ஒரு எண்

அமெரிக்கக் கண் கிளினிக்குகளின் சார்ட்டுகளுக்கு, அதாவது டாக்டர் எழுதும் நோயாளிக் குறிப்புகளுக்கு, சென்னையில் உட்கார்ந்து மெடிக்கல் கோடு (code) போடுகிறேன். டாக்டர் எழுதிய நோயையும் சிகிச்சையையும் இன்சூரன்ஸுக்கான எண்களாக மாற்றுவதுதான் வேலை. ஒன்பது வருஷமாயிற்று. போன வாரம் எங்கள் வேலையைச் சரிபார்க்கும் க்யூஏவிலிருந்து ஒரு சார்ட் திரும்பி வந்தது. அறுபதைத் தாண்டிய ஒரு அம்மா, டைப் 2 சர்க்கரை. வலது கண் விழித்திரையில் ஆரம்பநிலைப் பாதிப்பு, விழித்திரையின் நடுப்பகுதியான மாகுலாவில் வீக்கம் இல்லை, இடது கண் சுத்தம் என்று டாக்டர் தெளிவாகவே எழுதியிருந்தார். நான் போட்டது இ11.3293. கடைசி எண் 1 என்றால் வலது, 2 இடது, 3 இரண்டு கண்ணும். அன்று வரிசையாக வந்த சார்ட்டுகள் எல்லாம் 3. கை அப்படியே போய்விட்டது.

அப்படியே போயிருந்தாலும் இன்சூரன்ஸ் க்ளெய்முக்குப் பணம் வந்திருக்கும். அதுதான் என்னை உறுத்துகிறது. யாரும் கேட்டிருக்க மாட்டார்கள். ஆனால் நன்றாக இருக்கும் இடது கண்ணில் நோய் என்று அந்த அம்மாவின் ரெக்கார்டில் ஏறியிருக்கும். நாளைக்கு அதில் உண்மையாகவே பாதிப்பு வந்தால், அது புதிது என்று காட்ட வேண்டிய ரெக்கார்டே பழையது என்று சொல்லும்.

டினையல், அதாவது இன்சூரன்ஸ் பணம் தர மறுப்பது, வரக்கூடாது என்பதைத்தான் புதிதாகச் சேரும் பிள்ளைகளுக்கு முதலில் சொல்லித் தருகிறார்கள். அது போதாது. வெறும் கண்ணாடிக்காக வந்தவருக்கு அமெரிக்க அரசின் இன்சூரன்ஸான மெடிகேர் பணம் தராது, பவர் பார்ப்பதற்கான 92015 என்ற கோடுக்கும் தராது. அதனால் 'கண் வறட்சி என்று மாற்றிப் போட முடியுமா' என்று ஒரு கிளினிக்கிலிருந்தே கேட்டார்கள். முடியாது என்றேன். வறட்சி என்று டாக்டர் எங்கும் எழுதவில்லை. வெள்ளெழுத்து என்றுதான் இருக்கிறது. அதற்கான கோடு எச்52.4, அவ்வளவுதான்.

டாக்டர் சந்தேகம் என்று எழுதியிருந்தால் இன்னும் கவனம் வேண்டும். வெளிநோயாளிக்கு 'இருக்கலாம்' என்பதை நோயாகப் போடக்கூடாது, அறிகுறியைத்தான் போட வேண்டும். கண் நரம்பைப் பாதிக்கும் கிளாக்கோமாவுக்கு சந்தேகத்துக்கென்றே எச்40.0 வரிசையில் கோடுகள் உண்டு. அதை விட்டுவிட்டு, நோயே இருக்கிறது என்னும் எச்40.1-க்குப் போனால், ஆயுசுக்கும் சொட்டு மருந்து போடுகிற நோயாளியாக அவரை எழுதிவிடுகிறோம்.

இப்போது சப்மிட் கொடுக்கும் முன் டாக்டரின் வரியை வாய்விட்டுப் படிக்கிறேன். 'வலது' என்னும்போது என் வலது கண்ணை ஒரு விரல் தொடும்.

நேற்று வந்த ஒரு சார்ட்டில் எந்தக் கண் என்றே இல்லை. எந்தக் கண் என்று குறிப்பிடப்படவில்லை என்பதற்கான 9 போட்டால் நேற்றைய டார்கெட் முடிந்திருக்கும். டாக்டருக்குக் க்வெரி அனுப்பிவிட்டு ஹோல்டில் வைத்திருக்கிறேன்.