கடிதம் வந்துட்டுதோ அண்ணா?

"கடிதம் வந்துட்டுதோ அண்ணா?" எண்டுதான் அந்தப் பிள்ளை கேட்டது. நான் ஸ்கிரீனை விட்டுக் கண்ணை எடுக்காமலே "அது வரும், நீர் போடும்" எண்டு சொன்னன். இவ்வளவுதான் நடந்தது, 2022 ஜூலை 13 காலமை, ஏழு மணி இருக்கும். இதை ஏன் இப்ப வந்து எழுதுறன் எண்டு கேட்டா, அந்தக் கேள்வியில இருந்த சரி எனக்குப் பிந்தித்தான் விளங்கினது, விளங்கின பிறகு மறக்கவும் ஏலாமக் கிடக்கு.

பெட்ரோல் இல்லாம மூண்டு நாளா எங்கட செய்தி ஒஃபிஸிலயே படுக்கை. இரவிரவா ஜனாதிபதி கோட்டாபய நாட்டை விட்டு வெளிக்கிடப் போறார், கட்டுநாயக்க விமான நிலையத்தில நிக்கிறார், இல்லை போயிட்டார் எண்டு ஒவ்வொருத்தரும் ஒவ்வொண்டு சொல்ல, விடியக்காலமைதான் மாலைதீவுக்குப் போனது உறுதியாச்சு. விமானப்படையும் ஒரு அறிக்கை விட்டது, ஜனாதிபதிக்கு அரசியலமைப்பில இருக்கிற அதிகாரத்தின்படிதான் விமானம் குடுத்தம் எண்டு. நானும் அதை வாசிச்சனான். வாசிச்சும் அதில இருந்த விஷயம் மண்டையில ஏறேல்ல. அவங்களே சொல்லுறாங்கள் அந்தாள் இன்னும் ஜனாதிபதி எண்டு, நான் அதுக்கு மேல "ஜனாதிபதி பதவி வெற்றிடம், பிரதமர் பதில் ஜனாதிபதியாகிறார், 40 ஆம் உறுப்புரையின்படி" எண்டு செய்தி அலர்ட் எழுதி வச்சிருக்கிறன். ஆள் நாட்டை விட்டுப் போட்டார், பதவி விலகுவார் எண்டு சபாநாயகர் 9 ஆம் திகதி இரவே சொன்ன நாளும் அண்டைக்குத்தான், பிறகென்ன எண்ட நினைப்பு.

இதில சிரிப்பு என்னண்டா, எங்கட டெஸ்கில இந்த விஷயம் தெரிஞ்ச ஆள் எண்டு பேர் எனக்குத்தான். 10 ஆம் திகதி விளக்கக் கட்டுரை எழுதினதே நான். ஜனாதிபதி விலகினா அடுத்தது ஆர், பிரதமரும் சேர்ந்து விலகினா ஆர், சபாநாயகர் எத்தினை நாள் இருக்கலாம், எல்லாம் எழுதினனான். கட்சித் தலைவர்கள் கூடி ரெண்டு பேரும் போகட்டும், சபாநாயகர் பதிலுக்கு இருக்கட்டும் எண்டு கேட்டதால அந்த ரெண்டு மூண்டு நாளும் ஊரெல்லாம் அரசியலமைப்புத்தான் கதை. 38 ஆம் உறுப்புரை எனக்குக் கிட்டத்தட்டப் பாடம். ஜனாதிபதி இறந்தா வெற்றிடம், பிரஜாவுரிமை போனா வெற்றிடம், பதவி நீக்கினா வெற்றிடம், விலகுறதெண்டா தன்ர கைப்பட எழுதிச் சபாநாயகருக்கு அனுப்பினா வெற்றிடம். கைப்பட எழுதி. "கடிதம் இல்லாமல் விலகல் இல்லை" எண்டு அந்தக் கட்டுரையில உபதலைப்பு வேற போட்டிருந்தன், கொழுப்பைப் பாருங்கோ.

அந்தக் கட்டுரையை ஒழுங்கா வாசிச்ச ஒரே ஆள் அந்தப் பிள்ளைதான் போல. வேலைக்கு வந்து எட்டு மாசம். அது கேட்டது சும்மா பயத்தில கேட்ட கேள்வி இல்லை, சட்டம் கேக்கிற அதே கேள்வி. ஆள் எங்க எண்டு சட்டம் கேக்கேல்ல, கடிதம் எங்க எண்டுதான் கேக்குது. நான் எழுதினதை எனக்கே திருப்பிக் கேட்டது, நான் சின்னப் பிள்ளைக்குப் பதில் சொல்லுற மாதிரிச் சொல்லி விட்டன்.

ஒரு நாலு செக்கன் பேசாமல் இருந்தது. அந்த நாலு செக்கனும் எனக்கு நல்லா ஞாபகம், ஏனெண்டா மவுஸ் கிளிக் சத்தம் கேக்குதோ எண்டு நான் காதைத் தீட்டிக்கொண்டு இருந்தனான். பிறகு கேட்டது. அதின்ர லொகினிலதான் அலர்ட் போனது. என்ர லொகின் மற்ற மெஷினில திறந்திருந்தது, அதால அப்பிடி. வேணுமெண்டு செய்யேல்ல. இதை மட்டும் சத்தியம் பண்ணிச் சொல்லுவன்.

மத்தியானத்துக்குப் பிறகு சபாநாயகர் அறிவிச்சார், ஜனாதிபதி தான் வெளிநாட்டில இருக்கிறதால 37(1) ஆம் உறுப்புரையின் கீழ பிரதமரைத் தன்ர கடமைகளைப் பார்க்கச் சொல்லி நியமிச்சிருக்கிறார் எண்டு. வர்த்தமானியும் வந்தது. நாற்பது இல்லை, முப்பத்தேழு. எனக்கு வயித்துக்குள்ள என்னவோ விழுந்த மாதிரி.

வெளியில இருந்து பார்க்கிற ஆளுக்கு ரெண்டும் ஒண்டுதான், ரெண்டிலயும் பிரதமர் ரணில்தான் பதில் ஜனாதிபதி, என்ன பெரிய வித்தியாசம் எண்டு அண்டைக்கு எங்கட ஆட்களே கேட்டவை. வித்தியாசம் மலைக்கும் மடுவுக்கும். 37(1) இல ஜனாதிபதி ஜனாதிபதியாத்தான் இருக்கிறார். சுகமில்லை, வெளிநாட்டுப் பயணம் எண்டு தற்காலிகமா ஏலாத நேரம் பிரதமரிட்டப் பொறுப்பைக் குடுக்கிறார், அவ்வளவுதான். திரும்பி வந்தா கதிரை அவருக்கு. பதவியில இருக்கிற வரைக்கும் 35 ஆம் உறுப்புரை குடுக்கிற சட்டப் பாதுகாப்பும் இருக்கு. 40 எண்டா கதை வேற, கதிரை காலி, திரும்ப வாற பேச்சே இல்லை, வெற்றிடம் வந்த நாளில இருந்து ஒரு மாசத்துக்குள்ள பாராளுமன்றம் தங்களுக்குள்ள ஒருத்தரை இரகசிய வாக்கெடுப்பில தெரிவு செய்தே ஆகவேணும். பிரதமர் அதுவரைக்கும் மட்டும் பதிலுக்கு. அப்ப நாங்கள் காலமை அனுப்பினது என்ன? நாட்டில ஜனாதிபதி இல்லை எண்டு. இருந்தவர், மாலைதீவில.

அலர்ட்டைத் திருப்பி எடுக்க ஏலாது. செய்தியைத் திருத்தினன், தலைப்பை மாத்தினன், திருத்தக் குறிப்புப் போடேல்ல. ஆனா ஸ்கிரீன்ஷொட் ஏற்கனவே சுத்தத் தொடங்கிட்டுது. பின்னேரம் ஒரு சட்டத்தரணி எடிட்டருக்கு மெயில் போட்டிருந்தார், உங்கட ஆட்களுக்கு 37க்கும் 40க்கும் வித்தியாசம் தெரியாதோ எண்டு, அதோட நான் எழுதின விளக்கக் கட்டுரையின்ர லிங்கையும் போட்டு, முதல்ல இதை வாசிக்கச் சொல்லுங்கோ எண்டு. என்ர கட்டுரையை வாசிக்கச் சொல்லி எனக்கே. அந்த மனுசனுக்குத் தெரியாது.

எடிட்டர் எங்கள் ரெண்டு பேரையும் கூப்பிடேல்ல, என்னை மட்டும்தான் கூப்பிட்டவர். "தம்பி, காலமை உதை ஆர் போட்டது? லொகின் பிள்ளையின்ர எண்டு காட்டுது." நான் சொன்ன பதிலை இப்ப அப்பிடியே எழுதுறன். "ரெண்டு நாளா ஒருத்தருக்கும் நித்திரை இல்லை சேர், அவசரத்தில ஆரோ போட்டிட்டினம்."

ஆரோ.

பொய் எண்டு பார்த்தா அதில ஒரு பொய்யும் இல்லை. நித்திரை இல்லாதது உண்மை, அவசரம் உண்மை, ஆரோ ஒருத்தர் போட்டதும் உண்மை. அவள் போட்டவள் எண்டு நான் சொல்லேல்ல. இப்பிடித்தான் கனநாள் எனக்கு நானே சொல்லிக்கொண்டு இருந்தனான், நான் பிள்ளையைக் காட்டிக் குடுக்கேல்ல, ரெண்டு பேரையும் காப்பாத்தத்தான் பொதுவாச் சொன்னன் எண்டு. ஆனா லொகின் ஆற்றை எண்டு அவருக்குத் தெரிஞ்ச பிறகு "ஆரோ" எண்டு சொன்னா அது ஆர்? தமிழில பதில் எண்ட சொல்லு ஒரு மாதிரியான சொல்லு, கேள்விக்குச் சொல்லுறதும் பதில், ஒருத்தற்ற இடத்தில இன்னொருத்தர் நிக்கிறதும் பதில். நான் பதில் சொல்ல வேண்டிய இடத்தில அது எனக்குப் பதிலா நிண்டது. வர்த்தமானி ஒண்டும் தேவைப்படேல்ல.

பெரிய தண்டனை ஒண்டும் வரேல்ல, அதையும் சொல்லவேணும். பேர் போடாமல் எல்லாருக்கும் ஒரு மெயில் வந்தது, உறுதிப்படுத்தாமல் அலர்ட் அனுப்பக்கூடாது எண்டு. பேர் போடாட்டியும் எல்லாருக்கும் தெரியும். அந்தப் பிள்ளை வந்து என்னட்ட ஒண்டும் கேக்கேல்ல. நான் எதிர்பார்த்தனான், "நீங்கள்தானே அண்ணா போடச் சொன்னீங்கள்" எண்டு கேக்கும் எண்டு, கேட்டா என்ன சொல்லுறது எண்டு வசனம் கூட ரெடி பண்ணி வச்சிருந்தனான். கேக்காததால அந்த வசனம் இன்னும் என்னட்டத்தான் கிடக்கு.

பேந்து நடந்தது எல்லாருக்கும் தெரிஞ்ச விஷயம். 14 ஆம் திகதி அவர் சிங்கப்பூருக்குப் போனார், கடிதத்தை மெயிலில அனுப்பினார். சபாநாயகர் அதைப் பார்த்த உடன அறிவிக்கேல்ல, அது உண்மையான கடிதம்தானோ, சட்டப்படி செல்லுமோ எண்டு உறுதிப்படுத்திப்போட்டு 15 காலமைதான் சொன்னார், 14 ஆம் திகதியில இருந்து பதவி விலகல் எண்டு. அண்டைக்குத்தான் ரணில் பிரதம நீதியரசருக்கு முன்னால பதில் ஜனாதிபதியாச் சத்தியப்பிரமாணம் எடுத்தார். இதுதான் நாற்பது. நாட்டின்ர ஜனாதிபதி பதவியையே கையில வச்சுக்கொண்டு சபாநாயகர் ஒரு இரவு பொறுத்தார். எனக்கு அஞ்சு ஆறு மணித்தியாலம் பொறுக்க ஏலாமப் போச்சு, மற்றவன் முந்திடுவான் எண்டு.

இன்னொரு பக்கம் யோசிச்சா, ஒரு நாள்தானே முந்தினது? முடிவில நான் எழுதின மாதிரியேதானே நடந்தது? 16 ஆம் திகதி பாராளுமன்றத்தில செயலாளர் நாயகம் கடிதத்தை வாசிச்சார், 19 வேட்புமனு, 20 வாக்கெடுப்பு, எல்லாம் இப்பிடியான தெரிவுக்கெண்டு இருக்கிற 1981 ஆம் ஆண்டு 2 ஆம் இலக்கச் சட்டத்தில இருக்கிறபடி, நான் கட்டுரையில எழுதினபடி. 1993 இல ஜனாதிபதி பிரேமதாச மே 1 ஆம் திகதி கொல்லப்பட்ட பிறகு பிரதமரா இருந்த விஜேதுங்க பதிலுக்கு இருந்து, ஒரு கிழமையில பாராளுமன்றம் ஏகமனதாத் தெரிவு செய்தது, அது இறப்பு, சந்தேகத்துக்கு இடமில்லை. இது விலகல், அதுவும் நாட்டுக்கு வெளியில இருந்து மெயிலில, முன்ன பின்ன ஆரும் காணாதது. அப்பிடி ஒரு நாளில பிழை வராதோ? வரும்தான். பிழை வந்ததுக்கு எனக்குக் கவலை இல்லை எண்டே சொல்லலாம். அந்த நாலு செக்கன்தான், அதுக்குப் பிறகு அந்த "ஆரோ"தான்.

20 ஆம் திகதி வாக்கெண்ணிக்கைக்கு நானும் அந்தப் பிள்ளையும் பக்கத்துப் பக்கத்து மெஷினில. ரணிலுக்கு 134, டளஸ் அழகப்பெருமவுக்கு 82, அநுரவுக்கு 3. நான் எழுதிக்கொண்டு இருக்க, அது கல்குலேட்டரை எடுத்துக் கூட்டிப் பார்த்தது, 219. 223 பேர் வாக்குப் போட்டவை, நாலு செல்லுபடியற்றது, ரெண்டு பேர் போடவே இல்லை, அப்ப 225. சரி. பிறகு திரும்ப ஒருக்கா. பிறகு மூண்டாம் தரமும். நான் "சரிதானே" எண்டன். அது ஒண்டும் சொல்லாமல் நாலாம் தரம் கூட்டினது. கோவம் வந்தது எனக்கு, உண்மையைச் சொல்லவேணும், ஆர் மேல எண்டு அண்டைக்கு யோசிக்கேல்ல.

அடுத்த வருசம் அது வேற வேலைக்குப் போட்டுது. அந்தச் சம்பவத்தாலதான் எண்டு சொல்ல ஏலாது, சம்பளம் கூட, வீட்டுக்கும் கிட்ட. அப்பிடித்தான் சொன்னது, நானும் நம்பினன், நம்பிறது லேசாவும் இருந்தது.

இதால நான் திருந்தினன் எண்டு சொல்லத்தான் ஆசை. 2024 செப்டெம்பரில ஜனாதிபதித் தேர்தல் முடிவு வாற அண்டைக்கு ஒருத்தருக்கும் ஐம்பது வீதத்துக்கு மேல வராமல், சரித்திரத்தில முதல் தரமா இரண்டாம் விருப்பு வாக்கு எண்ணப் போகினம், அநுரதான் முன்னுக்கு எண்டு எல்லாருக்கும் தெரியும். நான் "அநுர ஜனாதிபதி" எண்டு அலர்ட் எழுதி, விரலை வச்சுக்கொண்டு இருந்தனான். பக்கத்தில இருந்த புதுப் பெடியன் ஒண்டும் கேக்கேல்ல. கேட்டிருந்தா என்ன சொல்லியிருப்பன் எண்டு தெரியேல்ல. ஆணைக்குழு அறிவிச்ச பிறகுதான் அனுப்பினன், ஆனா அது பொறுமையோ பயமோ எண்டு கேட்டா பயம் எண்டுதான் சொல்லுவன்.

அண்டு இரவு போனில பழைய மெசேஜுகளைத் தட்டிக்கொண்டு மேல போனன். 2022 ஜூலை 15, காலமை. நான் மறந்தே போயிருந்த மெசேஜ். பக்கத்து மேசையில இருந்துகொண்டு அது எனக்கு அனுப்பியிருக்கு: "அண்ணா, சபாநாயகர் அறிவிச்சிட்டார். கடிதம் வந்துட்டுது, 14 ஆம் திகதியில இருந்து எண்டு. அலர்ட் போடவோ?"

நான் ஒரு கட்டைவிரல் படம் மட்டும் அனுப்பியிருக்கிறன்.

ரெண்டு நிமிசம் கழிச்சு அது: "எழுத்தில தாங்கோ அண்ணா."

அதுக்குக் கீழ என்ர "ஓம்".