நல்லூர்க் கொடியேற்றமும் நான்கு வெள்ளிகளும்

முதலில் ஓட்டோக்காரரின் கதையை எழுதிவிடுகிறேன். அதை எழுதாமல் எனக்கு மற்றது ஓடாது.

2025 ஜூலை 29, செவ்வாய்க்கிழமை விடியற்காலை. கொழும்பு வெள்ளவத்தையில் ஏறிய இரவு பஸ் எங்களை யாழ்ப்பாணம் நகரில் இறக்கிவிட்டது. அன்றைக்கு நல்லூர்க் கந்தசாமி கோயில் கொடியேற்றம். நகரில் இருந்து நல்லூர் மூன்று கிலோமீட்டர்கூட வராது. ஓட்டோக்காரர் கேட்டது 1,500 ரூபாய். "அக்கா, ரோட்டெல்லாம் அடைச்சாச்சு. சுத்தித்தான் போகோணும்" என்றார். அடைத்தது உண்மைதான்; திருவிழாக் காலத்தில் கோயிலைச் சுற்றியுள்ள வீதிகளுக்குள் வாகனம் விடுவதில்லை. ஆனால் சுற்றுவதற்குக் காசு பேசியவர் சுற்றவேயில்லை. நேரே போய் முதல் தடுப்பிலேயே நிறுத்தி, "இனி நடந்து போங்கோ" என்றார். பைகளைத் தூக்கிக்கொண்டு நடந்தோம். தங்கச்சி வழி முழுக்கத் திட்டினாள். ஓட்டோக்காரரை அல்ல, பேரம் பேசத் தெரியாத என்னை.

பஸ்ஸும் லேசுப்பட்டதல்ல. ஒரு ஆளுக்கு 2,800 ரூபாய் வாங்கிக்கொண்டு, ஏசித் தண்ணீரை என் தலையில் சொட்டவிட்டார்கள். நடத்துனரிடம் சொன்னேன். ஒரு பிளாஸ்டிக் பையைத் தந்துவிட்டுப் போனார். அதைத் தலையில் கட்டுவதா, தண்ணீருக்குப் பிடிப்பதா என்று சொல்லவில்லை. புத்தளம் தாண்டும்வரை ஒரு சண்டைப் படம் முழுச் சத்தத்தில் ஓடியது. அறை வாடகையோ சாதாரண நாளில் 4,500, அந்த வாரம் 9,000. காசை எண்ணிச் செலவழிக்கிறவர்கள் கொடியேற்ற வாரத்தில் யாழ்ப்பாணம் போகவேண்டாம். மாமி வீடு இருக்கிறவர்கள் போகலாம். எங்களுக்கு மாமி இருக்கிறா, ஆனால் தொண்டைமானாற்றில். அம்மாவின் நேர்த்திக்காக முதல் சில நாட்கள் நல்லூரில்தான் நிற்கவேண்டியிருந்தது.

போகும் வழி, தங்குமிடம், சாப்பாடு என்று ஒழுங்காக எழுதுவதாகத்தான் தங்கச்சியிடம் சொல்லியிருந்தேன். ஆனால் அதே வாரத்தில் சிங்கப்பூரில் உலக நீச்சல் சம்பியன்ஷிப் நடந்தது. பள்ளிக்கூடக் காலத்தில் நான் நீந்தியது மல்லாக்கு நீச்சல், அதாவது பேக்ஸ்ட்ரோக். பேக்ஸ்ட்ரோக் போட்டிகள் வந்தால் எனக்கு வேறு எதுவும் தெரியாது. லீவு கேட்டபோது மேலதிகாரியிடம் கோயில் என்று மட்டும்தான் சொன்னேன்.

நல்லூரில் காலை 10 மணி என்றால் 10 மணிதான். பஸ் நடத்துகிறவர்கள் வந்து பாடம் படிக்கலாம். போன இடமெல்லாம் விலை ஏறியிருக்க, அர்ச்சனைச் சீட்டு மட்டும் அப்போதும் 1 ரூபாயாகவே இருந்தது. வெறுங்காலோடு வீதி மணலில் நின்று கொடி ஏறுவதைப் பார்த்தோம். அம்மா அழுதா. அவ ஒவ்வொரு முறையும் அழுவா.

சிங்கப்பூர் நேரம் எங்களுடையதைவிட இரண்டரை மணித்தியாலம் முன்னால் போகிறது. அங்கே இரவு 7 மணிக்குத் தொடங்கும் இறுதிப் போட்டிகள் எங்களுக்கு மாலை நாலரைக்கு வந்துவிடும். வெயில் தாழ 'ரியோ' ஐஸ்கிரீம் கடைக்குப் போய், ஒன்றை வாங்கி வைத்துக்கொண்டு, கைபேசியைத் தண்ணீர்ப் போத்தலில் சாய்த்துவைத்தேன். பெண்கள் 100 மீட்டர் மல்லாக்கு இறுதி. அவுஸ்திரேலியாவின் கேலி மெக்கியோன், அமெரிக்காவின் ரீகன் ஸ்மித்.

எனக்கு ரீகன் ஸ்மித்தைத்தான் பிடிக்கும், ஒளிக்கவில்லை. 2019 இல் குவாங்ஜுவில், 17 வயதில், 200 மீட்டர் அரையிறுதியில் 2:03.35 என்று உலக சாதனை படைத்தவள். அந்த இறுதியில் மெக்கியோன் இரண்டாவதாக வந்தாள். அதற்குப் பிறகு எல்லாம் தலைகீழ். டோக்கியோ ஒலிம்பிக்கில் 200 மீட்டருக்கு அமெரிக்க அணியிலேயே ஸ்மித்துக்கு இடம் கிடைக்கவில்லை. மெக்கியோன் 100, 200 இரண்டிலும் தங்கம் எடுத்தாள். பாரிஸிலும் அவளுக்கே இரண்டு தங்கமும், ஸ்மித்துக்கு இரண்டு வெள்ளியும். அந்த 200 மீட்டர் சாதனையையும் 2023 இல் மெக்கியோன் 2:03.14 இல் எடுத்துக்கொண்டாள். ஸ்மித்திடம் மிஞ்சியது 100 மீட்டர் சாதனை, 57.13.

ஐஸ்கிரீம் உருகிக்கொண்டிருந்தது. பக்கத்து மேசைப் பொடியன்கள் எட்டிப் பார்த்து, "அக்கா, என்ன மட்ச்?" என்று கேட்டார்கள். கிரிக்கெட் இல்லை என்று தெரிந்தும் போகவில்லை, அதற்காக அவர்களுக்கு ஒரு கும்பிடு. தொடக்கத்தில் எல்லோரும் தண்ணீருக்குள் நின்று கம்பியைப் பிடித்துக்கொண்டு, முதுகை வில்லாக வளைத்துப் பின்னால் பாய்கிறார்கள். தண்ணீருக்கு அடியில் 15 மீட்டர் வரைதான் போகலாம், அதற்குள் தலை வெளியே வந்துவிட வேண்டும். அந்த 15 மீட்டரில் ஸ்மித் இடுப்பால் உதைக்கிற உதையை மெதுவாக்கிப் பார்க்கவேண்டும். ஆனால் திரும்பி வரும்போது மெக்கியோனுக்கு மூச்சே வாங்குவதில்லை போல. மெக்கியோன் 57.16, ஸ்மித் 57.35. மூன்றாவதாக அமெரிக்காவின் கேத்தரின் பெர்காஃப், 58.15. சாதனையாவது ஒரு செக்கனில் நூறில் மூன்று பங்கால் தப்பியது என்று நான் பெருமூச்சு விட்டேன். பொடியன்களில் ஒருவன், "இவ்வளவுதானா, ஒரு நிமிசம்கூட இல்லையே" என்றான். டேட்டா தின்ற அளவைப் பார்த்தால் அது ஒரு நிமிசம் மாதிரி இல்லை. ரீலோட் 500 ரூபாய்.

வியாழக்கிழமை கீரிமலை. இங்கேதான் எனக்குக் கோபம் வந்தது.

கீரிமலைக் கேணி தெரியாதவர்களுக்கு: நகுலேஸ்வரம் கோயிலுக்குப் பக்கத்தில், கடலை ஒட்டியபடியே நன்னீர் ஊற்று. ஒரு சுவருக்கு அந்தப் பக்கம் உப்பு அலை அடிக்கிறது, இந்தப் பக்கம் உப்பில்லாத தண்ணீர். ஆடி அமாவாசைக்குப் பிதிர்க்கடன் செய்ய இங்கே சனம் திரளும். அது முடிந்து சில நாட்களே ஆகியிருந்ததால் கூட்டம் குறைவு. ஆண்களின் கேணி பெரியது, திறந்தது. படிக்கட்டில் இருந்து கடலைப் பார்க்கலாம். பொடியன்கள் மதிலில் ஏறிக் குதிக்கிறார்கள். பெண்களின் கேணி தனியாக, சின்னதாக, உயர்ந்த மதிலுக்குள். கடலுக்கு இவ்வளவு பக்கத்தில் வந்தும் கடல் தெரியாது. மறைப்பு வேண்டும் என்பது எனக்கும் விளங்குகிறது, நானும் அந்த மறைப்பை நம்பித்தான் இறங்கினேன். ஆனால் மறைப்புக்கும் அளவுக்கும் என்ன சம்பந்தம்? மதிலைக் கொஞ்சம் தள்ளிக் கட்டியிருந்தால் யாருக்கு நட்டம்?

இருக்கிற இடத்தில் மல்லாந்தேன். தண்ணீர் குளிர்ந்து, அடி தெரியும் தெளிவு. பேக்ஸ்ட்ரோக்கில் மேலே கூரை இருந்தால் அதில் ஒரு கோட்டைப் பிடித்து நேராகப் போகலாம். போட்டித் தடாகத்தில் சுவருக்கு 5 மீட்டர் முன்னால் குறுக்கே கொடிகள் தொங்கும், அதைக் கண்டதும் கைவீச்சை எண்ணிக்கொண்டு திரும்புவார்கள். இங்கே வானமும் வெயிலும்தான். குறுக்குக்கட்டோடு படியில் இருந்த ஒரு ஆச்சி எனக்குக் கொடியாக இருந்தா: "பிள்ளை, சுவர், சுவர்!" எனக்குப் பிறகு இரண்டு சின்னப் பெண்கள் ஆச்சியிடம் கேட்டுக்கொண்டு மல்லாந்து பார்த்தார்கள். காதுக்குள் தண்ணீர் போனதும் எழுந்துவிட்டார்கள். இலங்கையில் இருந்து கிமிக்கோ ரஹீம் 2016 இல் ரியோவிலும், கங்கா செனவிரத்ன 2024 இல் பாரிஸிலும் ஒலிம்பிக்கில் நீந்தியது இதே 100 மீட்டர் மல்லாக்கு என்று அவர்களுக்குச் சொன்னேன். "அவையள் யாழ்ப்பாணமோ?" என்று கேட்டாள் ஒருத்தி. இல்லை என்றேன். ஆர்வம் போய்விட்டது.

திரும்பி வந்த மினிபஸ்ஸில் ஒற்றைக்காலில் நின்றேன். டிக்கெட் மலிவு, அதை மறுக்கவில்லை. ஆனால் சனம் ஏறி முடிந்த பிறகும், "பின்னுக்குப் போங்கோ, பின்னுக்கு இடமிருக்கு" என்று கத்திக்கொண்டே இருந்தார்கள். அந்த நேரத்தில்தான் 50 மீட்டர் இறுதி. கைபேசியைப் பையில் இருந்து எடுக்கக்கூடக் கை அசையவில்லை. அறைக்கு வந்துதான் பார்த்தேன்: பெர்காஃப் 27.08 இல் தங்கம், ஸ்மித் 27.25, சீனாவின் வான் லெட்டியன் 27.30. அதே மாலையில் 200 மீட்டர் வண்ணத்துப்பூச்சி நீச்சலிலும் ஸ்மித்துக்கு வெள்ளிதான். ஒரே மாலையில் இரண்டு இறுதிகள்! இத்தனைக்கும் சிங்கப்பூருக்கு வருமுன் தாய்லாந்தில் பயிற்சி எடுத்த அமெரிக்க அணியில் பலருக்கு வயிற்றுக்கோளாறு.

சனிக்கிழமை மாமி வீடு. அறை வாடகை இல்லை என்ற சந்தோஷத்தை ஒரு பந்தியாக எழுதலாம், ஆனால் கூழ் இருக்கிறது. ஒடியல் மா (காயவைத்த பனங்கிழங்கின் மா), மீன், நண்டு, றால், பயித்தங்காய், பலாக்கொட்டை, முருங்கையிலை, பழப்புளி, அரைத்த செத்தல் மிளகாய். நண்டு மலிவாகக் கிடைத்ததாம், மாமி அள்ளிப் போட்டிருந்தா. மரத்துக்குக் கீழே இருந்து பனையோலைப் பிளாவில் ஊற்றி ஊற்றிக் குடித்தோம். மூக்கு ஒழுகியது, வேர்த்தது, ஒருவரும் நிறுத்தவில்லை. கொழும்பில் கூழ் என்று கிண்ணத்தில் தருவதை இனி நான் காசு கொடுத்து வாங்கமாட்டேன்.

மாமா நீச்சல் என்றதும் கதைக்கத் தொடங்கிவிட்டார். 1954 இல் பாக்குநீரிணையை நீந்திக் கடந்த நவரத்தினசாமி இந்த ஊர்க்காரர். பக்கத்து வல்வெட்டித்துறை ஆழிக்குமரன் ஆனந்தன் 1971 இல் தலைமன்னாரில் இருந்து தனுஷ்கோடிக்குப் போய்த் திரும்பினார், 51 மணித்தியாலம். 1984 இல் ஆங்கிலக் கால்வாயில் உயிரே போனது. "உன்ர பிள்ளையள் ரெண்டு நிமிசத்தில முடிச்சிடுவினம்" என்று மாமா சிரித்தார்.

அன்று மாலை 200 மீட்டர் மல்லாக்கு இறுதி. 2:03.33. மெக்கியோன். சம்பியன்ஷிப் சாதனை. ஸ்மித் 2:04.29, அமெரிக்காவின் கிளேர் கர்சன் 2:06.04. இரண்டு நிமிடம் மாமா ஒன்றும் கதைக்கவில்லை. மாமிதான் கேட்டா: "மல்லாந்து கிடக்கிறவளுக்கு முன்னால ஆர் போறது எண்டு எப்படித் தெரியும்?" தெரியாது என்றேன். தான் முந்தினவளைத்தான் கடைக்கண்ணால் பார்க்கலாம். "அப்ப ரெண்டாவதா வாறவளுக்குக் கடைசிவரை தெரியாது" என்று சொல்லிவிட்டு மாமி மிஞ்சிய கூழை என் பிளாவில் ஊற்றினா. தனிப் போட்டிகளில் ஸ்மித்துக்கு நான்கு வெள்ளி, தங்கம் ஒன்றுமில்லை.

ஞாயிறு மாலை நகரில் திரும்புகிற பஸ்ஸுக்குக் காத்திருந்தோம். பஸ் பிந்தியது, இந்த முறை எனக்கு அதில் வருத்தமில்லை. நாலு பேர் நாலு வகையாக நீந்தும் பெண்கள் 4×100 கலப்பு அஞ்சலில் முதலில் இறங்குவது மல்லாக்குக்காரிதான். ஸ்மித் 57.57 இல் சுவரைத் தொட்டு, கேட் டக்ளஸிடம் கொடுத்தாள். பிறகு கிரெட்சன் வால்ஷ், டோரி ஹஸ்கி. 3:49.34, உலக சாதனை, தங்கம். நான் கத்தியதில் பயணப்பை மேல் இருந்த பாட்டி ஒருத்தி திடுக்கிட்டா. தங்கச்சி அவவிடம் மன்னிப்புக் கேட்டாள்.

பஸ் ஒரு மணித்தியாலம் பிந்தி வந்தது. ஏறுமுன் நடத்துனரிடம் ஏசி சொட்டுமா என்று கேட்டேன். சொட்டாது என்றார். வவுனியா தாண்டச் சொட்டியது.