குங்குமம் வீட்டுக்கு வந்து நாற்பது நாள்

கார்ன் ஸ்நேக் என்ற பாம்பின் குட்டி. முட்டையிலிருந்து வெளிவந்து மூன்று மாதம், பென்சில் பருமன், எடை 11 கிராம். முதுகில் செக்கச்செவேல் என்று திட்டுகள் இருப்பதால் குங்குமம் என்று பெயர் வைத்தோம். விஷமில்லாத இனம். வளர்ப்பில் பிறந்த குட்டியாகத்தான் வேண்டும் என்று பிடிவாதமாக இருந்தேன். காட்டில் பிடித்த பாம்பு ஒட்டுண்ணிகளோடும் மிரட்சியோடும் வரும். அதைக் கூண்டில் அடைக்க எனக்கு மனம் ஒப்பவில்லை. முறையாகப் பார்த்துக்கொண்டால் இது 15 முதல் 20 ஆண்டு நம்மோடு இருக்கும் என்பதையும் யோசித்தே வாங்கினேன்.

நாள் 1: பெட்டியைத் திறந்ததும் மரச்சீவலுக்குள் புகுந்துவிட்டது. அன்றைக்குத் தரிசனம் அவ்வளவுதான்.

நாள் 6: முதல் இரை. உறையவைத்த சுண்டெலிக் குஞ்சை இரவே ஃப்ரிட்ஜின் கீழ்த்தட்டில் வைத்து இளகவிட்டு, மறுநாள் பையோடு வெந்நீரில் போட்டுச் சூடாக்கினேன். (மைக்ரோவேவில் வைக்கவே கூடாது. உள்ளே வெந்துவிடும், வெடிக்கவும் செய்யும்.) இடுக்கியால் நீட்டினால், வால் நுனி படபடவென்று அடித்துக்கொள்கிறது. பயந்தால் இந்த இனம் அப்படித்தான் செய்யும். திரும்பிப் போய்விட்டது. எனக்கு அன்று சாப்பாடே இறங்கவில்லை.

அது சாப்பிடாததற்குக் காரணமான இரண்டு தப்பும் என்னுடையவை. இருக்கிறதா, நலமா என்று நாளுக்கு நான்கு முறை, அது பதுங்கும் ஒளிவிடத்தைத் தூக்கித் தூக்கிப் பார்த்திருக்கிறேன். அடுத்தது சூடு. பக்கச்சுவரில் ஒட்டிய தெர்மாமீட்டர் 28 டிகிரி காட்டியது, அதை நம்பிவிட்டேன். ஆனால் பாம்பு சீவலைத் துளைத்துக்கொண்டு தரைக் கண்ணாடிவரை போய்ப் படுக்கிறது. அங்கே அளந்தால் 37! சூட்டைக் கட்டுப்படுத்தும் தெர்மோஸ்டாட்டின் சென்சாரை அந்தரத்தில் தொங்கவிட்டிருந்தேன், அதனால் தொட்டிக்கு அடியில் சூடேற்றும் விரிப்பான ஹீட் மேட் ஓயாமல் எரிந்திருக்கிறது. பாவம், அது குளிர்ந்த பக்கமே கதி என்று கிடந்ததன் காரணம் அப்போதுதான் புரிந்தது.

சென்சாரை ஹீட் மேட்டுக்கு நேர்மேலே தரைக் கண்ணாடியில் ஒட்டி, அங்கே 30 நிற்கும்படி வைத்தேன். மறுபக்கம் 24. பாம்பு தன் உடம்புச் சூட்டைத் தானே உண்டாக்கிக்கொள்ளாது, இடம் மாறித்தான் சரிசெய்துகொள்ளும். ஆகவே இரண்டு பக்கமும் ஒவ்வொரு ஒளிவிடம் வேண்டும். ஒன்றுதான் என்றால் அது சூட்டைவிட மறைவையே தேர்ந்தெடுக்கும், செரிமானம் கெடும். தொட்டியின் மூன்று பக்கமும் கறுப்புத் தாள் ஒட்டினேன். பிறகு தண்ணீர் மாற்றுவதோடு சரி, கை வைக்கவில்லை.

நாள் 12: சாப்பிட்டது! முதலில் நாக்கு மட்டும் வந்து வந்து போனது. பிறகு ஒரே பாய்ச்சல், உடம்பால் இரண்டு சுற்று. தலைப்பக்கத்தைத் தேடிப் பிடித்து, இடது தாடை கொஞ்சம், வலது தாடை கொஞ்சம் என்று மாற்றி மாற்றி இரையின் மேல் ஏறியது. முடிந்ததும் வாயை அகலத் திறந்து தாடையைச் சரிசெய்துகொண்டது. வயிற்றில் சின்ன மேடு. அதன்பின் இரண்டு நாள் தொடவேயில்லை. தொந்தரவு செய்தால் கக்கிவிடும். 19, 26-ஆம் நாட்களிலும் தயக்கமில்லாமல் எடுத்துக்கொண்டது.

நாள் 29: கண் பால் படிந்ததுபோல் வெளுத்து, நிறம் மங்கியது. சட்டை உரிக்கப்போகிறது. ஈரப் பாசி அடைத்த டப்பாவில் ஓட்டை போட்டு உள்ளே வைத்தேன். 33-இல் கண் தெளிந்தது. 36-ஆம் நாள் காலையில் டப்பாவுக்குள் முழுச் சட்டை, கழற்றிப்போட்ட காலுறைபோல் உள்வெளியாகப் புரண்டு கிடந்தது. பாம்புக்கு இமை கிடையாது. கண்ணை மூடும் ஒளிபுகும் செதிலும் சட்டையோடு வர வேண்டும். வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தேன். தலைப்பகுதியில் கண்ணாடிச் சில்லு மாதிரி இரண்டு வட்டம். இரண்டும் வந்திருக்கின்றன. அந்த நிம்மதியைச் சொல்ல முடியாது.

நாள் 40: எடை 15 கிராம். பத்து நிமிடம் கையில் எடுத்தேன். மேலிருந்து பிடிக்காமல் பக்கவாட்டில் கை நுழைத்து, நடு உடம்பைத் தாங்கித் தூக்கினேன். வால் அடிக்கவில்லை. விரல் இடுக்குகளில் மெதுவாக நுழைந்து நுழைந்து வந்தது. வைத்துவிட்டு சோப்புப் போட்டுக் கை கழுவினேன். சால்மொனெல்லா கிருமி இருக்கலாம் என்பதால் தொடும் முன்னும் பின்னும் இது வழக்கம்.

நாளைக்கு இரை நாள். குஞ்சு ஃப்ரிட்ஜில் இளகிக்கொண்டிருக்கிறது.