காட்டுயானம் போட்டேன், பாதிய எலி அறுத்துருச்சு

லாக்டவுன்ல ஊருக்கு வந்து மாட்டிக்கிட்ட ஐடி ஆளுங்கள்ல நானும் ஒருத்தன். பட்டுக்கோட்டைக்குப் பக்கம் எங்க ஊரு, தண்ணி புது ஆத்துல வருது (கல்லணைக் கால்வாய்தான், 1934ல தொறந்தது, எங்களுக்கு இன்னமும் அது புது ஆறு). 2020ல எட்டு வருஷம் கழிச்சு மொத தடவையா மேட்டூர கரெக்டா ஜூன் 12 தொறந்துட்டாங்க, ஊரே சந்தோஷத்துல இருந்துச்சு, எனக்கும் லேப்டாப்ப மூடிட்டு வயல்ல எறங்கணும்னு ஒரு வேகம் வந்துருச்சு.

அந்த வேகத்துக்குப் பின்னாடி கஜா புயல் இருக்கு. 2018 நவம்பர் 16 விடியக்காலம். எங்களுக்கு மூணு ஏக்கர் தென்னை, இருநூறு மரத்துக்கு மேல, காலைல எழுந்து பாத்தா நின்னது பதினொண்ணு. அப்பா கொல்லைக்குள்ள போகவே இல்ல, வேலி ஓரமா நின்னு பாத்துட்டு திரும்பி வந்து படுத்துட்டாரு. எங்க வீடு மட்டும் இல்ல, பட்டுக்கோட்டை பேராவூரணி ஒரத்தநாடுன்னு எல்லா பக்கமும் இதே கதைதான். தண்ணி நிச்சயமில்லாத வருஷமெல்லாம் எல்லாரும் ஒவ்வொருத்தரா நெல்ல விட்டுட்டு தென்னைக்குப் போனவங்க, ஏன்னா தேங்கா நாப்பத்தஞ்சு நாளைக்கு ஒரு வெட்டு, வருஷம் பூரா காசு. அதுல தப்பே சொல்ல முடியாது. ஆனா ஒரே ராத்திரில எல்லாருக்கும் ஒரே அடி விழுந்ததால, யாரு யாருக்கு கைமாத்து குடுக்குறது? கவர்மெண்ட்ல மரத்துக்கு 600, வெட்டி அப்புறப்படுத்த 500ன்னு குடுத்தாங்க. புதுசா வச்ச கன்னு காய்க்க அஞ்சாறு வருஷம்.

கஜா அடிச்ச இருபதாம் நாள், டிசம்பர் 6, நெல் ஜெயராமன் இறந்துட்டாரு. திருத்துறைப்பூண்டி பக்கம் ஆதிரெங்கத்துல நெல் திருவிழா நடத்துவாரே அவருதான், 170க்கும் மேல பாரம்பரிய ரகங்கள மீட்டெடுத்தவரு. அந்தத் திருவிழால ரெண்டு கிலோ விதை சும்மா குடுப்பாங்க, அடுத்த வருஷம் நாலு கிலோவா திருப்பிக் குடுக்கணும், அவ்ளோதான் கண்டிஷன். எனக்கு அப்போ அது ஒரு அழகான விஷயமா மட்டும்தான் தெரிஞ்சுச்சு. அப்படிக் கைமாறிக் கைமாறி வந்த ரெண்டு கிலோ காட்டுயானத்தை (செவப்பரிசி குடுக்குற பாரம்பரிய நெல் ரகம்) எங்க மாமா ஒருத்தர் வச்சிருந்தாரு, 2020 ஆடில அவருகிட்ட வாங்கி ஒரு மா நிலத்துல ஒத்த நாத்தா நட்டேன் (மூணு மா ஒரு ஏக்கர், மத்த ஊருக்காரங்களுக்காக சொல்றேன்).

சுத்தி எல்லாரும் பிபிடி (எல்லாரும் போடுற சன்ன ரக நெல்லு), நடுவுல நான் மட்டும் யானை.

பயிர் வளந்துச்சு பாருங்க, என் தலைக்கு மேல. யானை உள்ள போனா தெரியாதுன்னு சொல்றது பேருக்கு இல்ல, நெஜமாவே அப்படித்தான். நிவர் புயல் வந்துச்சு, புரெவி புயல் மழை வந்துச்சு, தண்ணி தேங்கி நின்னுச்சு, இது அசையவே இல்ல. 2021 பொங்கல் சமயத்துல டெல்டா பூரா பேஞ்ச மழை ஞாபகம் இருக்கும், அறுக்க வேண்டிய நேரத்துல பேஞ்சு பக்கத்து வயல் பிபிடி எல்லாம் படுத்து கதிருலேயே மொளச்சுருச்சு. என்னுது அப்பதான் பால் புடிச்சு முத்திக்கிட்டு இருந்துச்சு, தப்பிச்சுருச்சு. மனசுக்குள்ள ஒரு திமிரு, சொல்லணும்ல, இருந்துச்சு.

திமிரு ஒரு மாசம்தான். காட்டுயானம் ஏறக்குறைய 180 நாள் பயிரு. எங்க வாய்க்கால்ல மத்தவங்க எல்லாம் மிஞ்சினத அறுத்து முடிச்சாச்சு, ஜனவரி 28 மேட்டூரையும் மூடியாச்சு, எனக்கு மட்டும் இன்னும் ஒரு நனைப்பு வேணும், அதுக்காக மதகுல யாருகிட்ட போய் கேக்குறது? பரவால்லன்னு விட்டா, சுத்தியிருந்த வயல் எல்லாம் காலியானதும் அந்த வட்டாரத்து எலி, கிளி, குருவி மொத்தமும் என் ஒரு மாவுக்கு குடி வந்துருச்சு. கிட்டி (எலிப்பொறி) வைக்கிறவர கூட்டிட்டு வந்தேன், அவரு வரப்ப ஒரு சுத்து சுத்திட்டு "தம்பி, ஊருக்கே வைக்க வேண்டிய கிட்டிய உனக்கு மட்டும் வைக்கச் சொல்ற"ன்னு சிரிச்சாரு. அறுப்பு முடிஞ்சா மாட்ட அவுத்து விடுறது எங்க ஊரு வழக்கம், அதுவும் உள்ள புகுந்துச்சு. அறுப்பு மிஷின் ஒரு மாவுக்காக திரும்பி வராது, வந்தாலும் ஏழடி தாளு உள்ள சிக்கும். கடைசில ஆள் வச்சு அறுத்து அடிச்சு தூத்துனா மூணு மூட்டை. மூணே மூணு.

அதோட முடிஞ்சுதா, இல்ல. அரைக்க எடுத்துட்டுப் போனா மில்லுல "செவப்பரிசிய ஓட்டுனா அடுத்து வர்ற வெள்ளையில கலந்துரும், மிஷின தொடைச்சு மாளாது, மூணு மூட்டைக்கு நான் ஓட்ட முடியாது தம்பி"ன்னுட்டாரு. அவரு சொன்னதுலயும் நியாயம் இருக்கு. கொள்முதல் நிலையத்துல போடலாம்னா அங்க சன்னரகம் பொதுரகம்னு ரெண்டே வகைதான், இவ்ளோ பாடுபட்ட நெல்லு பொதுரகம் விலைக்குப் போகும். அடுத்த வருஷம் சிந்துன நெல்லு மொளச்சு பக்கத்து வயல் சித்தப்பாவோட பிபிடில செவப்பு கலந்து, அவரு ஒரு மாசம் எங்கிட்ட பேசல.

இத எதுக்கு இவ்ளோ நீட்டி சொல்றேன்னா, மேடையில பேசுறவங்க எல்லாம் பல பயிர் போடுங்க பல பயிர் போடுங்கன்னு விவசாயிக்கு அட்வைஸ் பண்றாங்க, யாரும் ஒத்த ஆளா அத பண்ணா என்ன ஆகும்னு சொல்றதில்ல. பக்கத்து வயல்காரன் ஒத்துக்காம என் வயல்ல புது ரகம் நிக்காது. தண்ணி பொது, எலி பொது, மிஷினு போற பாதை பொது, மில்லும் பொது.

அப்பாயிகிட்ட புலம்புனப்ப அவங்க சிரிச்சாங்க. அவங்க காலத்துல காசே இல்லாம மாத்தாளா நடவு நடுவாங்களாம், இன்னைக்கு உன் வயல் நாளைக்கு என் வயல், அதனால யாரு எந்த ரகம் எப்ப நடுறதுங்கறது தன்னால எல்லாருக்கும் தெரிஞ்சிரும். அறுவடைக்கு ஒரு வாரம் பத்து நாள் முன்னாடி நெல்லுக்குள்ளயே உளுந்தும் பயறும் தெளிச்சுருவாங்க, இருக்கற ஈரத்துலயே அது வந்துரும், அதுவரைக்கும் எவன் மாடும் அவுந்து வராது. அப்பறம் ராமநாதபுரம் பக்கத்துலேருந்து கீதாரிங்க (ஆடு மேய்க்கிறவங்க) ஆட்டோட வந்து, ராத்திரி வயல்லயே ஆட்ட அடைச்சு கிடை போடுவாங்க, கிடைக்கு நெல்லோ காசோ குடுக்கணும், ஆட்டுக்கு மேய்ச்சல், வயலுக்கு எரு. ஆனா அப்பாயி அதையும் சொன்னாங்க, அந்தக் காலத்த ரொம்ப தூக்கி வைக்காத, யாரு மதகு பக்கம் வயல் வச்சிருந்தாங்களோ அவங்க பேச்சுதான் எடுபடும், வேலை செஞ்சவங்களுக்கு நிலமே கெடையாதுன்னு. அது உண்மை.

2022ல அஞ்சு வீடு சேந்தோம். சித்தப்பாவும் வந்தாரு (மழையில கதிரு மொளச்ச வருஷத்த அவரு மறக்கல). பெரிய ஐடியாலாம் ஒண்ணும் இல்ல, வாய்க்கா மேட்டுல உக்காந்து பேசி நீண்ட நாள் ரகத்த எல்லாம் ஒரே பக்கமா, வாய்க்கால் கடைசில வச்சோம், அங்க பள்ளம், தண்ணியும் கொஞ்சம் கூட நிக்கும். மேட்டு வயல்ல அவங்கவங்க பிபிடி. நெல்லுக்கு எலி வந்தா அஞ்சு பேரும் சேந்து கிட்டிக்காரருக்குக் குடுப்போம். செவப்பு நெல்லு மொத்தமா சேந்ததும் அதே மில்காரரு சீசன் முடிஞ்சு ஒரு நாள் ஒதுக்கிக் குடுத்தாரு. எங்க ஆறு பேருக்கு (ஒரு வீட்ல அண்ணன் தம்பி சண்டை, ரெண்டு கணக்கு) நோட்டு எழுதுறது என் வேலை. அரசாங்கக் கூட்டுப் பண்ணையத் திட்டத்துல நூறு விவசாயி சேந்தா மிஷின் வாங்க அஞ்சு லட்சம் குடுத்தாங்க, எங்க பக்கம் ஒரு குழு அப்படி வாங்குன மிஷின் ஒருத்தர் வீட்டு கொட்டாயிலயே நின்னுக்கிட்டு இருக்கு, அதப் பாத்ததாலதான் நாங்க அஞ்சு வீட்டோட நிப்பாட்டிக்கிட்டோம். தப்பா கூட இருக்கலாம்.

தென்னைக்கும் இதே பாடம்தான் வந்துச்சு. 2016ல பொள்ளாச்சியில மொதல்ல பாத்த சுருள் வெள்ளை ஈ இப்ப எங்க பக்கமும் இருக்கு, ஓலையெல்லாம் கருப்பு பூஞ்சாணம். அத அழிக்கிறதுக்குன்னே என்கார்சியான்னு ஒரு குட்டி குளவி இருக்கு, மருந்து அடிக்காம விட்டா தானா பெருகும். நான் அடிக்காம பக்கத்துக் கொல்லையில அடிச்சா என் குளவியும் சேந்து போச்சு. மஞ்ச ஷீட்டுல விளக்கெண்ணெய் தடவி தொங்க விட்டிருக்கோம். கன்னுக்கு நடுவுல வாழை போட்டோம், கருணைக்கிழங்கு போட்டோம், அடுத்த கஜாவுல வாழைதான் மொதல்ல விழும்னு தெரியும், ஆனா ஒரு வருஷத்துல மறுபடி தார் போடும், தென்னை மாதிரி அஞ்சு வருஷம் காக்க வைக்காது.

மாமாவுக்கு நாலு கிலோ அந்த மூணு மூட்டையிலேருந்தே மொதல்ல எடுத்துக் குடுத்துட்டேன். இந்த வருஷம் எங்க அஞ்சு பேர்ல ஒருத்தர் விலகறேங்கறாரு, பொண்ணு கல்யாணம், பிபிடி போட்டா உடனே காசுங்கறாரு, அவருகிட்ட என்ன சொல்றதுன்னு எனக்குத் தெரியல. பிரச்சனை என்னன்னா அவரு வயல் சரியா நடுவுல இருக்கு. ஞாயித்துக்கிழம ஊருக்குப் போறேன், பேசணும்.