ஐந்து ஜோடியை ஏன் கீழே வைத்தேன்

குலசேகரத்தில் நேற்று மாலை முழுக்க மழை. ரப்பர் பால் வெட்டும் வேலை இல்லை. அத்தான் வீட்டுத் திண்ணையில் ஆறு பேர் போக்கர் ஆடினோம். பணம் கிடையாது, ஆளுக்கு 50 புளியங்கொட்டை.

என் கையில் ஸ்பேட் ஐந்தும் ஆர்ட்டின் ஐந்தும். எனக்கு முன்னால் இருந்த மூவரும் வரிசையாக ஆல்-இன், அதாவது கையிலிருந்த மொத்தத்தையும் போட்டுவிட்டார்கள். 150 கொட்டைகள் நடுவே குவிந்து கிடக்கின்றன. "இவ்வளவு கிடக்கிறதே, நீயும் போடு மக்களே!" என்றார் அத்தான்.

அந்தக் குவியல்தான் நம்மை ஏமாற்றுகிறது. 50 போட்டு சுமார் 200 எடுக்க, நூற்றுக்கு 25 தடவையாவது நான் ஜெயிக்க வேண்டும். எல்லோருக்கும் பொதுவாக நடுவே விரிக்கும் பொதுச்சீட்டு ஐந்தும் விரிவதற்குள் மூன்றாவது ஐந்து வரும் வாய்ப்பு 19 சதவீதம்தான். வந்தாலும் வெற்றி உறுதியில்லை. அது வராமல், மூவரில் ஒருவரிடம் பெரிய ஜோடி இருந்தால், அநேகமாகக் கதை முடிந்தது.

சிறிய ஜோடியின் மதிப்பே பிறகு எதிராளியிடமிருந்து வாங்கப்போகும் கொட்டைகளில்தான் இருக்கிறது. குறைந்த விலைக்கு முதல் மூன்று பொதுச்சீட்டுகளைப் பார்த்து, ஐந்து விழுந்தால் எதிராளியிடம் இருப்பதையெல்லாம் வாங்கலாம். எல்லோரும் முதலிலேயே மொத்தத்தையும் போட்டுவிட்டால் பிறகு வாங்க என்ன இருக்கிறது?

சீட்டைக் கவிழ்த்து வைத்து அந்தக் கையிலிருந்து விலகினேன். கடைசிச் சீட்டாக கிளாவர் ஐந்து விழுந்தது. திண்ணையே கத்தியது. இன்று அதே கை வந்தாலும் கவிழ்த்துத்தான் வைப்பேன்.