வலிக்காத புண்ணு

போன திங்யானுக்கு, அதான் பர்மா புத்தாண்டுத் தண்ணித் திருவிழாவுக்கு, முந்தின வாரம் அம்மா யாங்கோன்ல இருக்கிற ஷ்வேடகோன் பகோடாவுக்கு, அந்தப் பெரிய புத்தர் கோயிலுக்குப் போனாங்க, ஏப்ரல் மாசம், உச்சி வெயிலு. அங்க செருப்பு மட்டுமில்ல, சாக்ஸ் கூட போடக்கூடாது, மார்பிள் தரை அப்படிக் கொதிக்குது, எல்லாரும் பாய் விரிச்ச பக்கமா ஓடுறாங்க, அம்மா மட்டும் நிதானமா சுத்தி வந்து கும்பிட்டுட்டு வீட்டுக்கு வந்துட்டாங்க.

மூணாம் நாள் நான் வீடு துடைக்கிறேன், தரையில ஒத்தைக் கால் தடம் மட்டும் ஈரமா இருக்கு. காலைத் தூக்கிப் பாத்தா உள்ளங்கால்ல கொப்புளம் உடைஞ்சு எலுமிச்சம்பழம் அளவுக்குத் தோலே இல்ல. "வலிக்கவே இல்லடி பாப்பா"ன்னாங்க. 18 வருஷ சர்க்கரை, கால் நரம்பு செத்துப் போயிருக்கு, எங்க யாருக்கும் தெரியல.

மொதல்ல போன கிளினிக்ல ஹைட்ரஜன் பெராக்சைடு ஊத்தினாங்க, பொங்குனதைப் பாத்து நல்லா சுத்தமாகுதுன்னு நானும் நம்பிட்டேன். அது கிருமியோட சேத்து புதுசா வளர்ற சதையையும் கொல்லும். மேல காஞ்ச காஸ் துணி வச்சு இறுக்கிக் கட்டி, மறுநாள் அப்படியே பிச்சு எடுத்தாங்க, ரத்தத்தோட புதுத்தோலும் வந்துச்சு. ரெண்டு வாரமா இதே கதை, புண்ணு ஆறவே இல்ல.

அப்புறம்தான் எங்க தெருவுல இருக்கிற ஒரு வயசான சயாமா, அதான் நர்ஸம்மா, வந்தாங்க, குஷ்டரோகிங்களுக்கு ரொம்ப வருஷம் கட்டுப் போட்ட கை. ஒரு நைலான் நரம்பால, அது 10 கிராம் அழுத்தத்துல வளையும், அம்மா பாதத்துல அங்கங்க தொட்டு தொட்டு "இப்ப தெரியுதா அம்மா"ன்னு கேட்டாங்க. முக்கால்வாசி இடத்துல அம்மாவுக்குத் தெரியல, பக்கத்துல நின்ன எனக்கு அழுகையே வந்துடுச்சு.

கொல்லிமலையில பொறந்து 1946-ல வேலூருக்கு வேலைக்கு வந்த டாக்டர் பால் பிராண்ட் பத்தி அவங்கதான் சொன்னாங்க. குஷ்டத்துல சதை தானா அழுகுதுன்னு ஊரே நம்புன காலத்துல, இல்ல, வலி தெரியாம அதே இடத்தை மிதிச்சு மிதிச்சுத்தான் புண்ணு ஆறலன்னு அவர் காட்டினார், மாவுக்கட்டு போட்டு அழுத்தம் படாம வச்சா ஆறுதுன்னு. அம்மா கால்லயும் அதேதான். மருந்தை விட அந்த இடத்துல காலை ஊனாம இருக்கிறதுதான் பெருசுன்னாங்க.

தினம் கட்டு மாத்துறது என் வேலை. ஒரு லிட்டர் தண்ணிய நல்லா கொதிக்க வச்சு ஒன்றரை டீஸ்பூன் உப்பு, அதாவது 9 கிராம், ஆற விட்டு மூடி வச்சு அன்னைக்கே தீத்துடணும். கையை சோப்பு போட்டுக் கழுவிட்டு, பழைய காஸை அந்தத் தண்ணியிலேயே நனைச்சு ஊறவிட்டு எடுத்தா தானா வழுக்கிட்டு வரும். புண்ணுல ஒட்டாத வாசலின் காஸ், மேல பஞ்சு, அதுக்கு மேல சுத்துக்கட்டு, விரல் நீலமாகாத அளவு தளர்வா. மீ பியத்தாகி கரண்ட் போயிடுச்சுன்னா தம்பி டார்ச் பிடிப்பான்.

செவப்பா ஈரமா இருந்தா நல்ல சதை, ஓரம் வெளுத்து ஊறிப்போனா கட்டு ரொம்ப ஈரம்னு அர்த்தம், கறுப்பாகிட்டாலோ நாத்தம், காய்ச்சல், செவப்பு மேல ஏறுறதுன்னாலோ கட்டு மாத்திக்கிட்டு வீட்டுல உக்காராம உடனே ஆஸ்பத்திரி. எங்க அத்தை மஞ்சள் வச்சுக் கட்டச் சொன்னாங்க, பக்கத்து வீட்டுல டூத்பேஸ்ட். வேணாம். சுட்ட உடனே 20 நிமிஷம் ஓடுற பச்சைத் தண்ணியில காமிச்சிருந்தா நல்லது, ஐஸும் வேணாம், ஆனா அம்மாவுக்குத்தான் சுட்டதே தெரியலையே.

நாலு மாசமாச்சு, இப்ப புண்ணு ஒரு அரிசி அளவுதான். காலையில அம்மா காலை என் மடியில வச்சு விரலிடுக்கு வரைக்கும் பாத்துட்டுத்தான் சமையலுக்கே போறேன். பகோடாவுக்குக் கூட்டிட்டுப் போன்னு கேக்குறாங்க, முழுசா ஆறட்டும், அப்புறம் தரை சூடேறாத விடியக்காலையில போவோம்னு சொல்லி வச்சிருக்கேன்.